சுங்குடி வாளியில், நூறு சதுரம் தட்டில்: இரண்டாவது கில்ட் கதை

முதல் கில்ட் (துணிச் சதுரங்களைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தங்கை மகளுக்குத் தைத்தது. வெள்ளை பாப்ளின், மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சிவப்பு சுங்குடி, கொஞ்சம் கைத்தறிக் கட்டம். தைத்து முடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்துத் துவைத்தார்கள். வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. அதைவிட மோசம், கட்டம்போட்ட துணி சுருங்கியது, பாப்ளின் சுருங்கவில்லை. தையல் இழுத்துக்கொண்டு வெள்ளைச் சதுரங்கள் பொரித்த அப்பளம் மாதிரி உப்பி நின்றன.

எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் காட்டினேன். "ஜாக்கெட் லைனிங்கை நனைக்காம குடுத்தா நான் கையிலயே வாங்க மாட்டேன்னு தெரியுமில்ல கண்ணு? இத மட்டும் எப்படி கடையில குடுத்த மாதிரியே வெட்டுன?" என்றார். பதில் இல்லை. புடவைக்கு ஃபால்ஸ் வைக்கும்போதுகூட நனைத்துக் காயவைத்துத்தான் கொடுக்கிறேன். கில்ட் என்றதும் அது ஏதோ வேறு ஊர்க் கலை, வேறு விதி என்று நினைத்துவிட்டேன்.

அந்த 'வேறு விதி'க்கும் காரணம் உண்டு. நான் பார்த்துக் கற்றுக்கொண்ட வீடியோக்களில் பாதிப் பேர் துணியை நனைப்பதே இல்லை. அவர்கள் கையில் இருப்பது கில்ட்டுக்கென்றே ஆலையில் தயாரான துணி, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுருங்கும். தைத்த பிறகு துவைத்தால் மொத்தமாகச் சுருங்கி ஒரு பழைய காலத்துச் சுருக்க அழகு வரும், அதை விரும்பியே விடுகிறார்கள். இரண்டரை அங்குலப் பட்டையாக வெட்டியே விற்பதை நனைத்தால் நூல் பிரிந்து ஒன்றுக்கும் ஆகாது. என் பெட்டியில் இருப்பதோ நாலு ஊர்த் துணி, நாலு விதத் தறி.

இந்த முறை 60-க்கு 72 அங்குலம், ஆறு அங்குலச் சதுரம் 120. வெட்டும் முன் சோதனை.

முதல் சனிக்கிழமை

ஒவ்வொரு துணியிலும் 40 செ.மீ. சதுரம் ஒன்றைப் பேனாவால் குறித்தேன். முதல் அலசலிலேயே கோடு போய்விட்டது. நல்ல ஆரம்பம். மறுபடி வேறு துண்டில், வேறு நிற நூலால் நாலு மூலையிலும் தையல் போட்டுக் குறித்தேன். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல், அலசல், நிழலில் காயவைத்து இஸ்திரி, பிறகு அளவு.

மில் பாப்ளின் இரண்டு பக்கமும் 39.5. கைத்தறிக் கட்டம் பாவுப் பக்கம் (நீளவாக்கு நூல்) 38, ஊடைப் பக்கம் (குறுக்கு நூல்) 39.3. அடியில் போட வாங்கிய காடா பாவில் 37.4, ஊடையில் 38.8. சுங்குடி 38.8, 39.2.

கட்டத்துணியின் ஐந்து சதவீதம் கேட்க அற்பமாகத் தெரியும். அறுபது அங்குல விரிப்பில் அது மூன்று அங்குலம். பக்கத்திலேயே முக்கால் அங்குலம் மட்டுமே சுருங்கும் பாப்ளின். அப்பளம் எப்படிப் பொரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பாவு ஏன் கூடுதலாகச் சுருங்குகிறது என்றால், தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டப்படுவது அதுதான். துணியாகிக் கஞ்சி ஏறி மடித்து வரும்வரை அந்த இழுப்பு அப்படியே நிற்கிறது. தண்ணீர் பட்டதும் நூல் பருத்து, இழுப்பு விட்டு, தன் அளவுக்குத் திரும்பிவிடுகிறது. ஆலையிலேயே இந்தச் சுருக்கத்தை எடுத்துவிடும் முறைக்கு 1930-ல் சான்ஃபோர்ட் க்ளூயெட் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கினார். அப்பாவின் சட்டைத்துணி ஓரத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்று அச்சடித்திருக்குமே, அந்தப் பெயரில் இருப்பது அவர்தான். பாப்ளின் அசையாமல் நின்றதற்கும் இப்படி ஏதோ ஒரு ஆலை வேலைதான் காரணமாக இருக்க வேண்டும். கைத்தறிக்கு நம் வாளிதான் ஆலை.

இரண்டாம் வாரம், மெஷின் கூத்து

மூன்று மீட்டர் காடாவை வாஷிங் மெஷினில் போட்டேன். வெளியே வந்தது துணியில்லை, கயிறு. வெட்டிய ஓரத்து நூலெல்லாம் பிரிந்து, முறுக்கி, மற்ற துணிகளையும் சுற்றிக்கொண்டது. கத்தரித்து எடுத்ததில் இரண்டு முனையிலும் மூன்று விரல் அகலம் போச்சு. அடுத்த துணிகளுக்கு நாலு மூலையையும் சாய்வாக நறுக்கிவிட்டு, வெட்டு ஓரத்தில் ஜிக்ஜாக் தையல் ஒரு ஓட்டு ஓட்டினேன். கரைப் பக்கம் தானாகவே பிரியாது, அதைத் தொட வேண்டியதில்லை. ஐந்து நிமிட வேலை, ஒரு முழத் துணி மிச்சம்.

சுங்குடி

இதற்குத்தான் அதிக நாள் போனது. அம்மா சொன்ன வைத்தியம்: "கல்லுப்பு ரெண்டு கை போட்டு ராத்திரி பூரா ஊற வை, சாயம் நின்னுரும்." ஊறவைத்தேன். காலையில் தண்ணீர் வெளிர் ரோஸ்தான். அம்மாவுக்கு வெற்றி என்று போனில் சொல்லிவிட்டு வெறும் தண்ணீரில் அலசினால், வாளி முழுக்கக் குங்குமம்.

சாயத் தொட்டியில் உப்புப் போடுவது, சாயம் தண்ணீரில் தங்காமல் நூலுக்குப் போகட்டும் என்பதற்காக. என் வாளியிலும் அதேதான் நடந்திருக்கிறது. உப்பு இருந்தவரை சாயம் நூலோடு ஒட்டியிருந்தது, நல்ல தண்ணீர் வந்ததும் இறங்கிவிட்டது. ஒருநாளைக்கு அடங்கியிருந்ததே தவிர நிற்கவில்லை. வினிகரும் பார்த்தேன், வீடு நாறியதுதான் மிச்சம். பட்டு, கம்பளிக்குப் போடும் சாயங்களுக்குப் புளிப்பு உதவும். பருத்திக்கு அதனால் பிரயோஜனமில்லை. (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.)

வேலைக்கு ஆனது, சலிப்பூட்டும் வழிதான். நூலில் பிடிக்காமல் சும்மா ஒட்டியிருக்கும் சாயத்தை வெந்நீரும் கொஞ்சம் சோப்புமாகத் திரும்பத் திரும்பக் கழுவி எடுப்பது. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. சிறுவாணித் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். குடிக்கிற தண்ணீரில் துணி அலசுகிறாளே என்று கீழ் வீட்டு அத்தை பார்த்த பார்வை இருக்கிறதே.

இந்தக் கில்ட்டுக்கு வாங்கியிருந்த கருநீலத் துணி நாலாவது தண்ணீரில் தெளிந்துவிட்டது. சுங்குடி ஏழு தண்ணீர் பார்த்தும் தெளியவில்லை. கடைசிச் சோதனையாக, ஈரத் துண்டை வெள்ளைத் துணிக்குள் வைத்து மடித்து, மேலே இட்லிப் பாத்திரத்தை ஏற்றி ராத்திரி விட்டேன். காலையில் வெள்ளையில் சுங்குடிப் புள்ளிகள் உட்பட அச்சாகியிருந்தது. பார்க்க அழகு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை, சாயம் போவதற்கே உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து விற்றார்களாம். அந்தத் தைரியம் எனக்கில்லை. சுங்குடியை இந்தக் கில்ட்டிலிருந்து தூக்கிவிட்டேன். கண்டிப்பாக வேண்டுமென்றால் மெரூனோடும் கறுப்போடும் சேர்க்கலாம், வெள்ளைக்குப் பக்கத்தில் கூடாது.

கஞ்சி

அலசிய துணியில் ஒரு தொல்லை, விறைப்பு போய்விடும். கத்தரிக்குக் கீழே வழுக்கும், கால் அங்குலத் தையல் நேராக வராது. ஜவ்வரிசி ஒரு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, வடிகட்டி, நனைத்து, அரை ஈரத்தில் இஸ்திரி. பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் வைத்து வைத்து எடுத்தால் துணி கோணாது. காகிதம் மாதிரி நிற்கிறது, அளவு துல்லியமாக வருகிறது. ஆனால் கஞ்சி போட்டதை உடனே வெட்டித் தைத்துவிட வேண்டும். நான் இரண்டு வாரம் அலமாரியில் விட்டதில் பூச்சி ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

இன்றைய நிலவரம்

120-ல் நூறு சதுரம் வெட்டி அடுக்கியாகிவிட்டது. முப்பத்தாறு சேர்த்துத் தைத்தாயிற்று. ஓரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, முதல் கில்ட்டில் இது நடக்கவே இல்லை. கருநீலம் இருபது சதுரத்துக்குக் குறைகிறது. கடையில் கணக்குப் போட்டபோது சுருங்குவதையும் ஓரம் வெட்டுவதையும் சேர்க்கவில்லை. நேற்றுப் போய் அதே நீலத்தில் ஒன்றரை மீட்டர் வாங்கி வந்தேன். கடைக்காரர் அதே சரக்கு என்றார். இரண்டாவது தண்ணீரில் ஊறுகிறது, இன்னும் நீலம் இறங்கிக்கொண்டிருக்கிறது.