மாஸ்ரரின் சி.ஆர். கொப்பி

எங்கள் பள்ளிக்கூடத்துப் பாஸ்கெற்போல் கோர்ட் சீமெந்துத் தரை. கிழக்குப் பக்க றிங்குக்கு நேர்கீழே நீளமாக ஒரு வெடிப்பு. பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்பது எங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து ஆட வருபவர்களுக்குத் தெரியாது. கடையில் வாங்கிக் கட்டும் வலை ஒரு மாரி தாங்காது, உக்கிப்போகும். பாஷையூரிலிருந்து வந்து படித்த ஒரு பெடியன் மீன்வலைத் துண்டு கொண்டுவந்து கட்டிவிடுவான். நைலோன் வலைக்குள்ளால் பந்து இறங்கும்போது 'சரக்' என்று ஒரு சத்தம் வரும். அதைப்போல ஒரு சத்தத்தை நான் வேறு எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை.

எங்களைப் பழக்கியவரை மாஸ்ரர் என்றே எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவரிடம் எப்போதும் ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி, இருக்கும். ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை போட்டது என்று பார்க்க எல்லாரும் அதைச் சுற்றி முண்டியடிப்போம். கூடை போட்டவனின் பெயர் அதில் இராது. பந்தைக் கொடுத்தவன், கூடைக்குள் போகாமல் திரும்பிவரும் றீபவுண்ட் பந்துக்கு எம்பினவன், எதிராளியை மறித்து நின்று இடி வாங்கினவன், இவர்களின் பெயர்தான் அதில் இருக்கும். "போட்டவனை ஊரே பாக்கும். குடுத்தவனை நான்தான் பாக்கவேணும்" என்பார். ஒரு தவணை முழுக்க என் பெயர் அந்தக் கொப்பியில் நாலே நாலு தடவைதான் வந்தது. நாலும் எந்தெந்த ஆட்டம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நான் ரொறொன்ரோ வந்தது 1991இல். வெலெஸ்லி - பார்லிமென்ற் பக்கத்து மாடிக் கட்டடத்தில் ஐந்து பேர் ஓர் அறை. அதில் மூன்று பேர் எங்கள் பள்ளி, அதே பற்ச். நகரத்துக்கு ராப்டர்ஸ் என்று ஒரு அணி, அமெரிக்காவின் பெரிய பாஸ்கெற்போல் லீக்கான என்.பி.ஏ.யில் ஆட, வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது நாங்கள் பட்ட சந்தோசம் கொஞ்சமல்ல. முதல் ஆட்டத்தை எண்ணி எத்தனையோ நாள் காத்திருந்தோம்.

அந்த ஆட்டம் 1995 நவம்பர் 3. அதற்கு நாலு நாள் முன்னர், ஒக்ரோபர் 30 இரவு, ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றது.

அன்று மாலை எங்கள் அறையில் ரீவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் தொலைபேசியைச் சுற்றி இருந்தோம். கொழும்பில் யாருக்காவது ஏதாவது தகவல் கிடைத்ததா, யார் வீட்டார் பாலம் கடந்தார்கள், யார் வழியில் விழுந்தார்கள் என்று ஒரே கேள்வி. ஸ்கைடோம் அரங்கில் ராப்டர்ஸ் அணி நியூ ஜேர்சி நெற்ஸை 94-79 என்று வென்றது. அணியின் வரலாற்றில் முதல் புள்ளிகளைப் போட்டவர் அல்வின் றொபேர்ட்சன், த்ரீ பொயின்ற் தூரத்திலிருந்து. அந்தப் பந்து என் கண்ணுக்கு முன்னால்தான் வலைக்குள் போனது. நான் பார்க்கவில்லை. அம்மாவும் அப்பாவும் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்ற செய்தி வர இன்னும் பல நாள் பிடித்தது.

இந்த அணியோடு எங்களுக்கு இருக்கும் ஒட்டு அங்கே தொடங்கியது. அதன் பிறகு வேலை முடிந்து வந்து படுத்தால் நித்திரை வராது. ராப்டர்ஸ் ஆட்டம் இருந்தால் இரண்டு மணித்தியாலம் மனம் வேறெங்கும் போகாது. முதல் பருவத்தில் 82 ஆட்டத்தில் 21தான் வென்றார்கள். ஆனாலும் 1996 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பருவத்தில் பத்தே ஆட்டங்கள் தோற்ற சிக்காகோ புல்ஸை 109-108 என்று விழுத்தினார்கள். மைக்கல் ஜோர்டன் கடைசியாகப் போட்ட பந்து உள்ளே போனது. நேரம் முடிந்த பிறகு என்று தள்ளிவிட்டார்கள். ஸ்கைடோமின் ஆக உயரத்து இருக்கைகளில் நாங்கள் மூன்று பேரும் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். முப்பது புள்ளி போட்ட டேமன் ஸ்டொடமையரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. இருபத்துமூன்று போட்ட ட்றேசி மறேயை யாருக்கு ஞாபகம்?

இப்படித்தான் எங்கள் பெயர் சொல்லும் விளையாட்டு பிறந்தது. நத்தார் விடுமுறையில் ஸ்காபரோவில் யாராவது ஒருவர் வீட்டுப் பேஸ்மென்றில் கூடுவோம். சுற்றி இருந்து ஆளுக்கொரு பழைய ராப்டர்ஸ் வீரரின் பெயர் சொல்லவேண்டும். ஸ்டொடமையர், வின்ஸ் கார்ட்டர், ட்றேசி மக்கிறேடி, கிறிஸ் பொஷ் பெயர்கள் கூடாது. அவர்களை ஊரே பார்த்தது. பெயரை மட்டும் சொன்னாலும் செல்லாது. அந்த ஆள் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும்.

பள்ளியில் நாங்கள் கட்டையன் என்று கூப்பிட்டவன் எப்போதும் மக்சி போக்ஸில்தான் தொடங்குவான். ஐந்தடி மூன்றங்குலம், என்.பி.ஏ. கண்ட வீரர்களிலேயே ஆகக் குள்ளம். பெயரெடுத்ததெல்லாம் சார்லற்றில், எங்களிடம் 1999இல் வந்தபோது கடைசிக் காலம். இன்னொருவன் ஜெரோம் வில்லியம்ஸைச் சொல்வான். 2001 பெப்ரவரியில் டிட்றொயிற் அவரை ரொறொன்ரோவுக்கு மாற்றியது. கனடாவுக்கு மாற்றினால் முகம் சுளிக்கிற வீரர்கள் இருந்த காலம் அது. அவரோ விமானத்துக்குக்கூடக் காத்திராமல் தன் காரிலேயே இரவோடிரவாக ஓடி வந்துவிட்டார். அகதியாக வந்து இறங்கிய எங்களுக்கு, இந்த ஊருக்கு ஒருவர் ஆசைப்பட்டு ஓடிவந்தார் என்பதே பெரிய காரியமாக இருந்தது. மற் பொனர் எங்களைப்போல ரீரீசி சப்வேயில்தான் ஆட்டத்துக்குப் போவார். 2004க்குப் பிறகு இரண்டு பருவமும் ரெயினில் ஏறும்போதெல்லாம் எங்காவது சிவப்புத் தலைமயிர் தெரிகிறதா என்று பார்ப்போம்.

மொரிஸ் பீற்றர்சன் பெயர் வந்தால் விளையாட்டு கொஞ்ச நேரம் நின்றுவிடும். ஆளாளுக்கு எழும்பி நின்று நடித்துக் காட்டுவோம். 2007 மார்ச் 30, வாஷிங்டனோடு ஆட்டம். மூன்று புள்ளி பின்னுக்கு, நாலு செக்கனும் இல்லை. ராப்டர்ஸ் எறிந்த நீளப் பாஸை வாஷிங்டனின் மைக்கல் றஃபின் பறித்துவிட்டார். ஆட்டம் முடிந்தது. நேரத்தை ஓட்டிவிட எண்ணி அவர் பந்தை மேலே உயர எறிந்தார். அந்தப் பந்து இறங்கி வந்தது பீற்றர்சனின் கைக்கு. பிடித்தார், திரும்பினார், போட்டார். மணி அடிக்கப் பந்து உள்ளே. மேலதிக நேரத்தில் 123-118 என்று வென்றோம். எல்லாரும் அதிர்ஷ்டம் என்றார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எல்லாரும் கைவிட்ட பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். அதற்கு முன்னர் தொடர்ச்சியாக 371 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடியவர். அப்படி வந்து வந்து நின்றவருக்குத்தான் அந்த இடத்தில் நிற்கத் தெரியும்.

என் முறை வந்தால் நான் சொல்வது எந்த வருசமும் ஒரே பெயர்: அல்வின் வில்லியம்ஸ்.

பிலடெல்பியாக்காரர். என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் 1997 தெரிவில் 48ஆவது ஆள். 1998இல் ஸ்டொடமையரைப் போர்ட்லாண்டுக்குக் கொடுத்தபோது கூடவந்தவர்களில் ஒருவர். ரொறொன்ரோவில் யாரும் அவரை எதிர்பார்த்து நிற்கவில்லை. இருபதாம் இலக்கச் சட்டையோடு வந்தார், எதிரணியில் பந்தைக் கொண்டோடும் ஆகக் கெட்டிக்கார வீரரை மறிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கார்ட்டர் ஆகாயத்தில் பறந்த காலத்தில், அவர் எந்த இடத்தில் பந்தை விரும்புவார் என்று அறிந்து அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பியவர் இவர். 2001 மே 4, மேடிசன் ஸ்குவயர் கார்டினில் நியூ யோர்க் நிக்ஸோடு பிளேஓஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டம், தோற்றால் வீடு. ஆட்டம் முடியும் கட்டத்தில் எல்லாரும் கார்ட்டரையே பார்க்க, பந்தை எடுத்து எழும்பிப் போட்டவர் வில்லியம்ஸ். 93-89. அணி தன் வரலாற்றில் ஒரு பிளேஓஃப் தொடரை வென்றது அதுதான் முதல் தடவை.

பிறகு முழங்கால் போனது. 2004-05 பருவம் முழுவதும் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம். அவருக்குக் கொடுக்கும் சம்பளம் வீண் என்று ரேடியோவில் கூப்பிட்டுப் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். ரேடியோவை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவேன். இரண்டு பருவம் 82 ஆட்டமும் ஓடி ஓடித்தான் அந்த முழங்கால் தேய்ந்தது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

2019இல் ராப்டர்ஸுக்கு என்.பி.ஏ. கிண்ணம் வந்தது. ஜூன் 17 ஊர்வலத்தன்று நகரமே தெருவில். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் கவாய் லெனாட் சட்டை. நான் வில்லியம்ஸின் பழைய ஊதாச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டேன், வயிற்றில் இறுக்கம்தான். பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் முதுகில் பெயரை வாசித்து இது யார் என்று கேட்டான். நான் வாய் திறக்க முதல், இரண்டு வரிசை தள்ளி நின்ற ஒரு வயதான பிலிப்பீன்ஸ்காரர் கையை உயர்த்தி "மேடிசன் ஸ்குவயர் கார்டின்!" என்று கத்தினார். முன்பின் தெரியாத இரண்டு பேர் அந்த வெயிலில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

சென்ற தையில் மாஸ்ரரோடு தொலைபேசியில் கதைத்தேன். எண்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் அப்படியே. சி.ஆர். கொப்பிகளை எல்லாம் 1995இல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. இதை எழுதப்போவதைப் பற்றிச் சொன்னேன். அல்வின் வில்லியம்ஸின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். எத்தனையாவது தெரிவு, யாரை மறிப்பார், எந்தக் கையால் பாஸ் குடுப்பார் என்று இடைக்கிடை கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் விட்டுப்போனதோ என்று நினைத்தேன்.

"அந்தப் பெடியன்ர முழங்கால் இப்ப சுகமோ?" என்றார்.

"இப்ப ரீவியிலை ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கிறார் சேர்" என்றேன்.

"நல்லது. அவன்ர பெயரை வடிவா எழுது."