விக்டரி ரோல் கடைசில நின்னுடுச்சு: 1940கள் தலையலங்காரம், செய்து பார்த்த அனுபவம்

நின்னுடுச்சு! விக்டரி ரோல்னா நெத்திக்கு மேல ரெண்டு பக்கமும் முடிய குழாய் மாதிரி சுருட்டி குத்தறது, காலையில குத்தின ரெண்டு ரோலும் ராத்திரி டான்ஸ் முடியற வரைக்கும் அசையவே இல்ல. லஃபரோ கிரேட் சென்ட்ரல் ரயில்வேல நடக்கற 1940கள் நிகழ்ச்சிக்கு போயிருந்தேன், ஸ்டீம் எஞ்சின் புகை, மத்தியானம் தூறல், பிளாட்பாரத்துல ஆள தள்ளற காத்து, அத்தனையையும் தாண்டி நின்னுச்சு. அடர்த்தியா நேரா கம்பி மாதிரி இருக்கற நம்ம முடியில இந்த ஸ்டைல் எல்லாம் நிக்காதுன்னு இங்க இங்கிலாந்துல சலூன் வெச்சிருக்கறவங்களே என்கிட்ட சொல்லியிருக்காங்க. நிக்கும், நல்லாவே நிக்கும். ஆனா சூட்சுமம் ரோல் போடற கையில இல்ல, முந்தின ராத்திரி பின் கர்ல் வெக்கறதுல, அதாவது ஈர முடிய சின்ன சின்ன வட்டமா சுருட்டி பின் குத்தி காய விடறதுல இருக்கு. அதத்தான் இங்க விலாவாரியா கொட்டப்போறேன், பேசிக்ஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

முதல்ல என் மனசுல ரொம்ப நாளா இருக்கறத சொல்லிடறேன். இப்ப விக்டரி ரோல்னு தேடினா வர்ற படமெல்லாம் ரெண்டு பக்கமும் பெரிய குழாய், உள்ள ஓட்டை தெரியணும், ஸ்ப்ரே அடிச்சு கண்ணாடி மாதிரி மின்னணும், அப்படித்தான் இருக்கு. அது பின்னாடி வந்தவங்க திரும்ப உருவாக்கின அழகு. 1940 முதல் 45 வரைக்கும் எடுத்த சாதாரண பொண்ணுங்களோட போட்டோவ, அதாவது பாக்டரி கேன்டீன்ல, பஸ் கண்டக்டர் யூனிபார்ம்ல, கல்யாண வாசல்ல நிக்கற போட்டோவ பெருசாக்கி பாருங்க. ரோல் சின்னதா இருக்கும், மெத்துனு இருக்கும், ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்கும், காதுகிட்ட ரெண்டு மூணு முடி பறந்துக்கிட்டு இருக்கும். எனக்கு அந்த தலைதான் வேணும். ஸ்டுடியோ லைட்டுல ஒக்காந்த நடிகையோட தல இல்ல, காலையில ஷிப்டுக்கு ஓடின பொண்ணோட தல.

ஏன்னா இந்த ஸ்டைல்ல பாதி அழகுக்கு வந்தது, மீதி பாதி வேலைக்கு வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தோட பெண்கள் பிரிவு ஏ.டி.எஸ்.ல முடி காலர தொடக்கூடாதுன்னு ரூல். அதனால ஒரு ரிப்பனையோ பழைய ஸ்டாக்கிங்கையோ தலைய சுத்தி கட்டி, பின்னாடி முடி முழுக்க அதுக்குள்ள சுருட்டி சொருகிடுவாங்க, தொப்பிய கழட்டி ரிப்பன உருவினா டான்ஸ் ஹாலுக்கு ரெடி. பாக்டரில மெஷின்ல முடி சிக்கிடும்னு ஸ்கார்ப், டர்பன், ஸ்னூட் (பின்முடிய அடக்கற வலைப்பை) எல்லாம் வந்துச்சு. அமெரிக்காவுல நடிகை வெரோனிகா லேக் ஒரு கண்ண மறைக்கற மாதிரி முடிய முன்னாடி விட்டிருப்பாங்களே, அத பாத்து பாக்டரி பொண்ணுங்களும் அப்படியே விட ஆரம்பிச்சதால, 1943ல அரசாங்கம் கேட்டு வெரோனிகாவே அந்த முடிய தூக்கி கட்டிக்கிட்டாங்க. ஒரு நடிகையோட தலமுடி போர்க்கால பாதுகாப்பு விஷயமா ஆன காலம் அது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

முடி வெட்டு சரியில்லன்னா மேல படிக்காதீங்க. மிடி கட்தான் வேணும், தோள் அளவு, பின்னாடி யூ வடிவம், உச்சியில இருந்து லேயர். நம்ம முடி அடர்த்திங்கறதால சலூன்ல உடனே பல் வெச்ச கத்திரிய எடுத்து உள்ள உள்ள வெட்டி மெலிசாக்கிடறாங்க. அத விடவே விடாதீங்க. குட்டையா வெட்டுப்பட்ட முடியெல்லாம் ரோலுக்கு வெளிய ஊசி ஊசியா குத்திக்கிட்டு நிக்கும், முடிக்கு பூசற எந்த பொமேடும் அத அடக்காது. படம் வரைஞ்சு கொண்டு போய் காட்டி, லேயர் மட்டும் போதும்னு கறாரா சொல்லுங்க.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் வெச்சு வளந்த தலைக்கு இது கஷ்டமா இருக்கும், ஆனா செட் பண்றதுக்கு, அதாவது பின் கர்ல் வெக்கறதுக்கு, ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க. மெலிசா எண்ணெய் பூச்சு இருந்தாக்கூட ஜெல் முடிய பிடிக்காது, பின் வழுக்கும். தல குளிச்ச அன்னிக்கே செட் பண்றத விட மறுநாள் பண்ணினா நல்லா பிடிக்குது.

ஜெல்லுக்கு ஆளி விதை. கால் கப் விதைக்கு ரெண்டு கப் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வர்ற வரைக்கும் கிளறிக்கிட்டே கொதிக்க விட்டு, சூடு ஆறறதுக்குள்ள பழைய ஸ்டாக்கிங்ல ஊத்தி பிழிஞ்சிடணும், ஆறிட்டா பிழிய வராது. அந்தக் காலத்துல சக்கரை தண்ணியையும் பீரையும் தலைக்கு பூசியிருக்காங்க. பிரிட்டன்ல சக்கரைக்கு 1940 ஜனவரி 8லயே ரேஷன் வந்துடுச்சு, 1942 பிப்ரவரில சோப்புக்கும் வந்துடுச்சு. டீல போட வேண்டிய சக்கரையில ஒரு ஸ்பூன எடுத்து தலைக்கு வெச்சிருக்காங்கன்னா அந்த சுருள் அவங்களுக்கு எவ்வளவு முக்கியமா இருந்திருக்கும்! "அழகா இருக்கறது உன் கடமை"ன்னு அப்ப விளம்பரத்துல எல்லாம் சொன்னாங்க, ஆனா அதுக்கு வேண்டிய பொருள மட்டும் யாரும் குடுக்கல. மேக்கப் சாமானுக்கு வரி வேற.

இப்ப பின் கர்ல். இங்கதான் எல்லாமே இருக்கு.

சொட்ட சொட்ட ஈரமா ஆரம்பிக்காதீங்க. நம்ம அடர்த்திக்கு அது விடிஞ்சாலும் காயாது. தொட்டா குளுகுளுன்னு இருக்கணும், கையில தண்ணி ஒட்டக்கூடாது, அந்த அளவுதான். ஒரு இன்ச்சுக்கு ஒரு இன்ச் சதுரமா பகுதி எடுத்து, ஜெல் தடவி, சீப்பால நுனி வரைக்கும் இழுத்து, நுனியில இருந்து சுருட்டி வரணும். நுனி வட்டத்துக்கு உள்ள போகணும், ஒரு முடிகூட வெளிய நிக்கக்கூடாது, வெளிய நின்ன நுனி காலையில மீன் முள்ளாட்டம் வளைஞ்சு நிக்கும். வட்டத்துக்கு நடுவுல சுண்டு விரல் போற அளவு ஓட்டை இருக்கணும். அப்படியே தலை வரைக்கும் சுருட்டி அந்த முடி முளைச்ச சதுரத்து மேலயே உக்கார வெக்கணும். கொஞ்சம் தள்ளி உக்காந்தா வேர்ல ஒரு மடிப்பு விழும், அந்த மடிப்பு பிரஷ்ஷுக்கு மசியாது. ரெண்டு பின், குறுக்கா.

திசை ரொம்ப முக்கியம். முன்பக்கம் ரோல் வரப்போற இடத்துல சுருள் படுக்கக்கூடாது, நிக்கணும், முகத்துக்கு எதிர்த்திசையில பாக்கணும். பின்னாடி ஒரு வரிசை வலப்பக்கம் சுத்தினா அடுத்த வரிசை இடப்பக்கம், அப்பதான் பிரஷ் பண்ணும்போது அலை வரும். கழுத்துகிட்ட கடைசி வரிசை மட்டும் எல்லாம் உள்பக்கமா.

அப்புறம் காயணும். முழுசா, உள்ள வரைக்கும். ஈரத்துல முடியோட உள்பிணைப்பு விட்டுக்கொடுக்கும், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துல திரும்ப இறுகிக்கும், சயின்ஸ் அவ்வளவுதான். சுருளுக்கு நடுவுல கொஞ்சம் ஈரம் இருந்தாக்கூட பின்ன எடுத்த அரை மணி நேரத்துல நேராயிடும். நம்ம முடி வளையாதுன்னு சொல்றவங்க எல்லாம் காயறதுக்கு முன்னாடியே பின்ன எடுக்கறவங்கதான், இத நான் அடிச்சு சொல்லுவேன். நான் சாயங்காலமே வெச்சுட்டு, வலை மாட்டி, ஹூட் வெச்ச டிரையர்ல குறைஞ்ச சூட்டுல ஒக்காந்து, அப்புறம் பருத்தி ஸ்கார்ப் கட்டி படுத்தேன். ஒருக்களிச்சு படுத்தா காதுக்கு மேல பின் அமுக்கும், மல்லாந்தா பின்மண்டை. குண்டு வீச்சுக்கு பயந்து சுரங்க ரயில் ஸ்டேஷன் தரையில படுத்துக்கிட்டு இந்த பின்னோட தூங்கி எந்திரிச்சு வேலைக்கு போனவங்கள நெனச்சா எனக்கு மரியாதைதான் வருது.

பின் பத்தி ஒரு புலம்பல். ஆன்லைன்ல ஒரு கடையில மொத்தமா வாங்கின கருப்பு பின் எல்லாம் நுனியில இருக்கற மெழுகு உருண்டை ரெண்டாவது தடவையே கழண்டு போச்சு, தலை முழுக்க கீறல். புகார் எழுதினேன், பதிலே வரல. கார் பூட் சேல்ல (கார் டிக்கியில வெச்சு பழைய சாமான் விக்கற சந்தை) பழைய அட்டையில குத்தின கெர்பி கிரிப், அதாவது அந்தக் கால ஹேர்பின், கெடச்சா யோசிக்காம வாங்கிடுங்க, அதோட ஸ்பிரிங் இன்னும் இறுக்கமா இருக்கு, அடர்த்தி முடிக்கு அதான் தாங்குது. போர் சமயத்துல உலோகம் எல்லாம் ஆயுதத்துக்கு போனதால பின்னுக்கே தட்டுப்பாடு, ஒவ்வொண்ணையும் எண்ணி பத்திரப்படுத்தியிருக்காங்க.

காலையில பின்ன எடுத்ததும் தலை ஒரே புதரா இருக்கும். இங்கதான் நிறைய பேர் பயந்து பிரஷ்ஷ கீழ வெச்சுடறாங்க. வெக்காதீங்க. பன்றி முடி பிரஷ் எடுத்து வேர்ல இருந்து சீவிக்கிட்டே இருங்க, போச்சு எல்லாம் கெட்டுப்போச்சுன்னு தோணும், அதுக்கும் மேல சீவுங்க, திடீர்னு எல்லா சுருளும் ஒண்ணோட ஒண்ணு சேந்து அலையா விழும். அந்த நிமிஷத்துக்காகவே இதெல்லாம் பண்ணலாம்.

ரோலுக்கு உள்ள வெக்கற திண்டு கடையில வாங்கினா பொன் நிறம் இல்லன்னா பழுப்பு, கருப்பு கெடச்சாலும் பிளாஸ்டிக் பளபளப்பு. அப்ப இங்க பொண்ணுங்க சீப்புல வர்ற தன் முடியவே சேத்து உருட்டி வெச்சுக்குவாங்க. நம்ம வீட்டுல பாட்டிங்க சவுரி கட்டறதுக்கு சிக்குமுடிய சுருட்டி சேத்து வெப்பாங்களே, அதே பழக்கம்தான். நானும் சேத்தேன், மெல்லிசான ஹேர்நெட்ல அடைச்சு தெச்சேன், நிறம் அச்சு அசலா பொருந்துது. உள்பக்கம் மட்டும் லேசா பேக்கோம் (நுனியில இருந்து வேர் பக்கமா எதிரா சீவறது), திண்டு உள்ள, நுனியில இருந்து சுருட்டி, பின்ன உள்பக்கமா சொருகணும். தூறல்ல நின்னதுக்கு பாதி காரணம் இந்த திண்டு, பாதி காரணம் ஸ்கார்ப். ஈரக்காத்து பட்டா செட் கரையும், அதனால வெளிய நிக்கும்போது ஸ்கார்ப், உள்ள வந்தா கழட்டிடுங்க.

காலுக்கு ஒரு வார்த்தை. தையல் கோடு போட்ட ஸ்டாக்கிங் "ஸ்கின் கலர்"னு விக்கறது எல்லாம் வெள்ளைக்காரங்க தோலுக்குத்தான், என் காலுல சாம்பல் பூசின மாதிரி தெரியுது. பட்டும் நைலானும் பாராசூட்டுக்கு போனப்ப இங்க காலுக்கு கிரேவி பவுடர (பழுப்பு நிற குழம்புப் பொடி) பூசி, பின்னாடி புருவ பென்சில்ல கோடு இழுத்தாங்களே, எனக்கு பூச்சே தேவையில்ல, கருப்பு பென்சில்ல கோடு மட்டும் இழுத்தேன், அருமையா இருந்துச்சு. தோழி யாராவது இழுத்துவிட்டாதான் நேரா வரும்.

டிரெஸ் இன்னும் முடியல. நேவி புளூ விஸ்கோஸ் கிரேப், 1942 பாணி. 1941 ஜூன் 1ல துணி ரேஷன் ஆரம்பிச்சப்ப வருஷத்துக்கு 66 கூப்பன், ஒரு கம்பளி டிரெஸ்ஸுக்கே 11 போயிடும், ரேயான்னா 7. 1945 கடைசில எட்டு மாசத்துக்கு 24 கூப்பன்தான். அதுக்கு மேல டிரெஸ்ல ரெண்டு பாக்கெட்டுக்கு மேல கூடாது, அஞ்சு பட்டனுக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடு. நானும் அந்த கணக்குலயே தைக்கறேன். அஞ்சே பட்டன்ல முன்பக்கம் பிளக்காம இருக்கணும்னா பட்டன் எங்க வருதுங்கறது உயிர் மாதிரி, நெஞ்சுக்கு நேரா ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, மீதிய அதுக்கு நடுவுல பிரிக்கணும். நிகழ்ச்சியில ஒரு ஸ்டால்ல அசல் சிசி41 முத்திரை, அதாவது போர்க்கால சிக்கன உடைக்கு அரசாங்கம் போட்ட முத்திரை, இருந்த ரவிக்கை ஒண்ண கையில எடுத்து பாத்தேன். பாலாடைக்கட்டில ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி இருக்கும் அந்த லோகோ, அப்பவே அத "சீஸ்"னுதான் கூப்பிட்டாங்க. உள்ள தையல் ஓரம் சிக்கனமா ஒட்ட நறுக்கியிருக்கு, ஆனா ஒரு தையல்கூட தளரல. விலை கேட்டு திரும்ப வெச்சுட்டேன்.

பக்கவாட்டு திறப்புக்கு ஜிப் வேணாம், பிரஸ் பட்டன்தான். தோள் பேடுக்கு பழைய கம்பளி போர்வைய மூணு அடுக்கா வெட்டி வெச்சிருக்கேன், கை தோளோட சேர்ற இடத்து சுருக்கம் இன்னும் சரியா உக்காரல, அதோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்.

இது முடியறதுக்குள்ளயே அடுத்தது தலைக்குள்ள வந்துடுச்சு. 1945ல இந்திய கடற்படை பெண்கள் பிரிவோட செகண்ட் ஆபிசர் கல்யாணி சென் ஸ்காட்லாந்து ரோசித் துறைமுகத்துக்கு வந்தப்ப எடுத்த போட்டோ இருக்கு, பக்கத்துல அதே பிரிவு அதிகாரி மார்கரெட் கூப்பர் யூனிபார்ம்ல நிக்க, கல்யாணி புடவையில. படையில வேலை பாத்துக்கிட்டு பிரிட்டனுக்கு வந்த முதல் இந்தியப் பெண் கல்யாணிதான். இங்க நிகழ்ச்சிக்கு போனா எல்லாரும் என்கிட்ட "நீங்க யார் வேஷம்"னு கேக்கறாங்க, அடுத்த வருஷம் அந்த புடவையில போய் நிக்கணும். ரேங்க் பட்டை தோள்ல எப்படி நிக்குது, மடிப்பு எங்க குத்தியிருக்குன்னு போட்டோவ பெருசாக்கி வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். கனமான பருத்திப் புடவை இங்க நல்லதா எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, பாலியஸ்டர் கலந்தது வேணாம்.