கத்திரி வெயிலில் வெளுத்த பவளம்

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்களில், மின்தடையால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று, என் கடல்நீர்த் தொட்டியின் நீர் 31 டிகிரிக்கு ஏறியபோது, அதில் நான் வளர்க்கும் காளான் பவளம் என்னும் கடலுயிரி வெளுத்துச் சுருங்கிவிட்டது. தன் திசுவுக்குள் வாழ்ந்து, ஒளியிலிருந்து உணவு ஆக்கித் தரும் நுண்பாசிகளை வெப்பம் தாளாமல் பவளம் வெளியேற்றிவிடுவதால்தான் இந்த வெளுப்பு. ஆகவே வெளுத்தது செத்த பவளம் அன்று, பட்டினி கிடக்கும் பவளம்.

சட்டென்று குளிர்வித்தால் அதுவே இன்னோர் அதிர்ச்சியாகும் என்பதால், நாளுக்கு ஒரு டிகிரியாக 26க்கு இறக்கினேன், விளக்கொளியையும் பாதியாக்கினேன். ஆவியாகும் நீருக்கு ஈடாக எங்கள் ஊர்க் கடின நீரை ஊற்றாமல், ஆர்.ஓ. நீரையே ஊற்றி, உப்பை லிட்டருக்கு 35 கிராம் அளவில் காத்தேன். இரவில் ஆர்ட்டீமியா என்னும் மிகச் சிறிய உப்புநீர் இறாலின் குஞ்சுகளைச் சொட்டுக்குழலால் அதன் வாயருகே விட்டேன். ஆறாவது வாரம், நுண்பாசிகள் திரும்புவதன் அடையாளமாக, விளிம்பில் கடுகளவு பழுப்பு நிறம் தெரிந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.