அம்மாவின் நர்ஸ் நோட்ஸுக்காக நான்கு நடை

இடுப்பு எலும்பு முறிந்து அம்மாவுக்கு ஆபரேஷன். அது நல்லபடியாக முடிந்தது. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்து உடம்பு துடைத்துவிடும்போதுதான் பார்த்தோம், வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. படுக்கைப் புண். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதல் நான்கு நாள் அம்மா ஐ.சி.யூ.வில் இருந்தார். எங்களை உள்ளே விடவில்லை. அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நர்சிங்கில் பால பாடம். புரட்டினார்களா இல்லையா என்பது நர்ஸ் எழுதிய குறிப்பில்தான் இருக்கும். அதைக் கேட்கத்தான் போனேன்.

ரெக்கார்டு பிரிவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சம்மரி குடுத்தாச்சே சார். கேஸ் ஷீட் ஆஸ்பத்திரி சொத்து, வெளியே தர மாட்டோம்." நம்பித் திரும்பி வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

நண்பனின் தங்கை ஸ்டாஃப் நர்ஸ். அவர்தான் சொன்னார்: மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். "கேஸ் ஷீட்னு மொத்தமா எழுதாதீங்க அண்ணா. நர்ஸ் நோட்ஸ், மருந்து சார்ட், புரட்டிப் படுக்க வெச்ச நேரத்தைக் குறிக்கிற பொசிஷன் சார்ட், பிரேடன் ஸ்கோர்னு பேர் பேரா எழுதுங்க" என்றார். இந்த ஒரு யோசனை இல்லாவிட்டால் எனக்கு எதுவும் கிடைத்திருக்காது.

இரண்டாம் நடையும் வீண். அம்மா கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். கையெழுத்து வாங்கப் போனால் அம்மா, "விடுடா, ராத்திரியில அந்தப் பொண்ணு ஒருத்தியாத்தான் ஓடிக்கிட்டு இருந்தா" என்றார். அப்புறம் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் முறை கடிதத்தை வாங்கிக்கொண்டு, "வெச்சிட்டுப் போங்க" என்றார்கள். போகவில்லை. என் நகலில் தேதியோடு சீல் போட்டுத் தரும் வரை, முக்கால் மணி நேரம், கவுண்டரிலேயே நின்றேன். நீங்களும் நகரவே நகராதீர்கள். 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு அந்த சீல்தான் சாட்சி.

மூன்றாம் நாள் போன் வந்தது. போய், ஜெராக்ஸுக்குப் பணம் கட்டினேன். வாங்கியவுடன் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு இரவுகளின் பொசிஷன் சார்ட் இல்லை. கேட்டதும் அரை மணி நேரத்தில் வந்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை எல்லாக் கட்டமும் காலி.

அதைவிட வலித்தது பிரேடன் ஸ்கோர். படுக்கைப் புண் வரும் ஆபத்தை 6 முதல் 23 வரை மதிப்பிடும் கணக்கு அது. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். சேர்த்த அன்றே அம்மாவுக்கு 12 என்று எழுதியிருக்கிறார்கள். ஆபத்து அதிகம் என்று தெரிந்தும் காற்று மெத்தை தரவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள். கிளம்பும் முன் வார்டு சிஸ்டரை வைத்துக்கொண்டே முதுகையும் குதிகாலையும் பாருங்கள். இருப்பதைச் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள்.

நர்சிங் சூப்பிரண்டு மட்டும் உட்கார வைத்துப் பேசினார். தாள்களை முழுதாகப் படித்தார். மறுக்கவில்லை. புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்ய வீட்டுக்கே ஆள் அனுப்பினார். இப்போது ஓரங்கள் கூடி வருகின்றன.

இந்தத் தாள்களை வைத்து நான் கொடுத்த புகாரில் அந்த இரவு நர்ஸின் பெயரை எழுதவில்லை. அந்த இரண்டு இரவிலும் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.