கிதார் நெக் பளபளத்தால் ஸ்கிரப்பரை எடுக்காதீர்கள்

என் கிதாரின் நெக்கில் (இடது கை பிடிக்கிற நீளத் தண்டு), மூன்றாவது ஃப்ரெட்டுக்கு (அதன் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பின்பக்கம், தடித்த ஸ்ட்ரிங் போகும் ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெளுத்த கீற்று இருக்கிறது. வாசித்து வாசித்துத் தேய்ந்தது இல்லை அது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பாத்திரம் துலக்குகிற பச்சை ஸ்கிரப்பரால் நானே தேய்த்து உண்டாக்கியது. வேறு யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டெலிகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிதார், மேப்பிள் மரத்து நெக். வாங்கியபோது நெக் முழுக்க இளந்தேன் நிறம், மினுக்கே கிடையாது, தொட்டால் பவுடர் பூசிய மாதிரி இருக்கும். சாட்டின் ஃபினிஷ் என்பார்கள், மங்கலான பூச்சு. சென்னையில் வாசிக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும், மே மாதம் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் உள்ளங்கை நனைந்துவிடும், கிளாஸ் ஃபினிஷ், அதாவது பளபளப்பான பூச்சு அடித்த நெக் என்றால் கட்டைவிரல் ஒட்டி ஒட்டி இழுக்கும், சாட்டினில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஸ்ட்ரிங் மாற்றுவதற்காக மடியில் கவிழ்த்துப் போட்டேன். மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாவது வரைக்கும் ஒரே மினுமினுப்பு, ட்யூப்லைட்டின் பிம்பமே அதில் கோடாகத் தெரிந்தது. அதைத் தாண்டியதும் பழைய மங்கல் அப்படியே இருந்தது. பிசுக்குப் படிந்துவிட்டது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை. ஈரத்துணி, அதற்கும் போகவில்லை. அப்புறம்தான் சமையலறைக்குப் போனேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது இதுதான். சாட்டின் என்பது தனியான ஒரு பொருள் இல்லை. மரத்துக்கு வார்னிஷ் மாதிரி அடிக்கிற அதே லாக்கர் அல்லது பாலியூரிதேன்தான், அதில் மிக நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்திருப்பார்கள். பூச்சு காய்ந்து சுருங்கும்போது தூள் மேல்பரப்பைச் சின்னச் சின்ன மேடுகளாகத் தூக்கிவிடும், எல்லாம் சில மைக்ரான் உயரம்தான். வெளிச்சம் அந்த மேடு பள்ளத்தில் பட்டுச் சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது, விரலும் மேடுகளின் உச்சியை மட்டும் தொடுவதால் ஒட்டுவதில்லை. தினமும் கட்டைவிரல் ஒரே இடத்தில் போய் வந்தால் மேடுகள் மழுங்கி, பரப்பு சமமாகி, பளபளப்பு வந்துவிடும். வாசல் கதவுக்கு மேட் பாலிஷ் போட்ட வீடுகளில் பாருங்கள், கைப்பிடிக்குப் பக்கத்தில் தள்ளுகிற இடம் மட்டும் இப்படித்தான் மினுங்கும். அதாவது போனது அந்தச் சொரசொரப்பு மட்டும், பூச்சு அப்படியேதான் இருக்கிறது. அதைப் பிசுக்கு என்று நினைத்து நான் தேய்த்தேன்.

நிறம் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது விஷயம். பெரும்பாலும் அது மரத்தில் இல்லை. மேப்பிளுக்கு நேரடியாகச் சாயம் ஏற்றினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், அதனால் நிறத்தைப் பூச்சிலேயே கலந்து ஸ்ப்ரே செய்துவிடுவார்கள். வெளிர் மரத்தின் மேல் தேன் நிறக் கண்ணாடியை ஒட்டின மாதிரி. பூச்சு தடிமனாக இருக்கிற இடத்தில் நிறம் அடர்த்தி, மெல்லியதாக இருக்கிற இடத்தில் வெளிர்ப்பு. ஓரங்களில் எப்போதுமே மெல்லியதுதான், ஈரமாக இருக்கும்போதே பூச்சு கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடிவிடும். பச்சை ஸ்கிரப்பரில் உராய்வுத் துகள் இருக்கிறது, எவர்சில்வர் பாத்திரத்திலேயே கீறல் போடும். ஓரத்தில் பத்துப் பதினைந்து இழுப்புதான் இழுத்திருப்பேன். ஸ்கிரப்பரை எடுத்துப் பார்த்தால் நுனியில் மஞ்சள் பொடி, நெக்கில் வெள்ளை மரம்.

இந்தத் தேன் நிறமே எதற்கு என்று கேட்டால், அது டெலிகாஸ்டரைச் செய்யும் ஃபெண்டர் கம்பெனியின் பழைய கிதார்களைப் பார்த்து வந்தது. 1950களில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் செய்த நெக்குகளுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தார்கள். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு அந்த லாக்கர் தானாகவே மஞ்சளாகிவிடும். 1960களின் கடைசியில் ஃபெண்டர் பாலியெஸ்டருக்கு மாறியபோது, லோகோ ஸ்டிக்கர் புதுப் பூச்சோடு ஒத்துப்போகவில்லை என்று ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனியில் ஸ்ட்ரிங்கை முறுக்குகிற தலைப்பகுதி) முகப்புக்கு மட்டும் பழைய லாக்கரையே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் 1970களின் கிதார்கள் பலவற்றில் ஹெட்ஸ்டாக் முகம் மட்டும் நல்ல மஞ்சளாகவும் நெக் வெளிறியும் இருக்கும். ஒரே மரம், ஒரே வயது, பூச்சு மட்டும் வேறு. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும், கிதார் தன் கதையை முகத்திலேயே எழுதி வைத்திருக்கிற மாதிரி.

இன்றைய நெக்கில் தேய்மானம் ஒரு வரிசையில்தான் வருகிறது. முதலில் மினுக்கு. அப்புறம் தேன் நிறம் மெல்ல இளைத்து எலுமிச்சை நிறமாகும். அப்புறம் வெறும் மரம், அதுவும் வெள்ளையாகவே நிற்காது, வியர்வையும் அழுக்கும் இறங்கிச் சாம்பல் நிறத்துக்குப் போகும். 1950களின் தொடக்கத்து டெலிகாஸ்டர்களின் ஃப்ரெட்போர்டில், அதாவது நெக்கின் முன்பக்கத்தில், ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கறுத்த திட்டுகள் தெரிவது இதனால்தான். நைட்ரோ மெல்லியது, மென்மையானது, சீக்கிரம் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடும். பாலியூரிதேன் கெட்டி, பல கிதார்கள் வாழ்நாள் முழுக்க முதல் கட்டத்திலேயே நின்றுவிடும். கையைப் பொறுத்தும் மாறும், சிலருடைய வியர்வை ஒரே மாதத்தில் ஸ்ட்ரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், அவர்களுடைய நெக்கும் அப்படியே. நெக்கின் பின்பக்கம் நடுவில் ஓடும் வால்நட் மரப் பட்டையில் எதுவுமே தெரியாது, அது ஏற்கெனவே கரும்பழுப்பு. அதன் இரண்டு பக்கமும்தான் வெளுப்பு ஆரம்பிக்கும்.

முதல் இரண்டு கட்டத்திலும் ஒன்றும் செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. மினுக்கு பிடிக்கவே இல்லை, கை ஒட்டுகிறது என்றால், பச்சை வேண்டாம், சாம்பல் நிறத்தில் வரும் மிக மெல்லிய பேட், அல்லது நாலு சைபர் (0000) ஸ்டீல் வுல், பஞ்சு மாதிரி இருக்கும் மிக நுண்ணிய இரும்பு இழை. நெக்கின் நீளவாக்கில், அழுத்தாமல், ஐந்தாறு இழுப்பு, ஓரங்களைத் தொடாமல். ஸ்டீல் வுல் என்றால் முதலில் பிக்கப்புகளை (ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒலியைப் பிடிக்கிற காந்தங்கள்) டேப் ஒட்டி மூடிவிடுங்கள், இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. மங்கல் திரும்பும், ஆனால் வாசித்தால் மறுபடியும் மினுக்கும். ஒவ்வொரு முறையும் பூச்சு கொஞ்சம் போகும், நிறமும் கூடவே போகும். நான் இப்போது இதைச் செய்வதே இல்லை.

போன நிறத்தைத் திரும்பப் பூசலாமா? நானும் கேட்டேன். எங்கள் தெருமுனையில் சோபா, கட்டிலுக்கு பாலிஷ் போடுகிற அண்ணனிடம் நெக்கைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஓரத்தைத் தடவினார்.

“தம்பி, இந்த இடத்துக்கு மட்டும் அடிச்சா சுத்தி வட்டம் தெரியும். முழுசா உரிச்சுட்டுத்தான் அடிக்கணும்.”

“அப்படியே விட்டா என்னண்ணா ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. கையில புடிக்கிற சாமான்தானே.”

அவர் சொன்னது சரி. கெட்டியாகிவிட்ட பாலியூரிதேனைப் புதுப் பூச்சு கரைக்காது, மேலே உட்காரும், இரண்டும் சேருகிற விளிம்பு கோடாகத் தெரியும். நைட்ரோவில் புதுசு பழசைக் கரைத்துக்கொண்டு சேர்ந்துவிடும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று படுகிற இடத்தில் நிறம் இரட்டிப்பாகி ஒரு கருவளையம் விழும்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு உண்டு. டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டியைத் தடவிய கையோடு கிதாரை எடுக்காதீர்கள், அது பல பூச்சுகளை இளக்கிவிடும், நைட்ரோ என்றால் விரல் ரேகையே பதியும். இன்னொன்று, மரம் வெளியே தெரிகிறது என்று தேங்காய் எண்ணெய் தடவுவது. அது காயவே காயாத எண்ணெய், மரத்துக்குள் இறங்கிச் சிக்கு வாடை அடிக்கும், பிற்பாடு எந்தப் பூச்சும் அதன்மேல் பிடிக்காது. காய்ந்து கெட்டியாகும் எண்ணெய்தான் வேண்டும், டங் எண்ணெய் அல்லது ஆளி விதை எண்ணெய், ஒரு சொட்டு, தேய்த்த கையோடு துடைத்தெடுத்துவிட வேண்டும். துடைத்த துணியைக் கசக்கிச் சுருட்டிப் போடாதீர்கள், ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

மரம் உண்மையிலேயே திறந்துவிட்டதா என்று பார்க்க விரலை நனைத்து அந்த இடத்தில் வைத்தால் போதும். பூச்சு இருந்தால் ஈரம் மேலேயே நிற்கும், இல்லாவிட்டால் அந்த இடம் கருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை என் நெக்கில் வைத்துப் பார்த்தேன். ஸ்கிரப்பர் கீற்று உடனே கருத்தது, அது தெரிந்ததுதான். நாலாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால், வால்நட் பட்டையை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு இன்னொரு இடமும் கருத்தது. இது கட்டைவிரல் தேய்த்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வரட்டும், எண்ணெய் போட்டுக்கொள்கிறேன்.