மடிப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்த பாலிப் – என் கொலோனோஸ்கோப்பி அனுபவம்

இங்கிலாந்துல 50ல இருந்து 74 வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஃபிட் கிட் வீட்டுக்கே தபால்ல வரும், மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட். எனக்கு 57. இந்தத் தடவை ரத்தம் இருக்கு, கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வச்ச குழாயைப் பெருங்குடலுக்குள்ள விட்டுப் பாக்குற டெஸ்ட், பண்ணணும்னு லெட்டர் வந்துச்சு. ரெண்டு நாள் தூக்கமே இல்ல.

கீரை, பருப்பு, விதை எதுவும் கூடாதுன்னாங்க, வெறும் வெள்ளைச் சோறும் மோரும்தான். அப்புறம் வயித்தைக் கழுவுற மருந்து. நல்லா ஜில்லுன்னு வச்சு ஸ்ட்ரா போட்டுக் குடிங்க, கொஞ்சம் தாங்கும். கடைசி கிளாஸ் குமட்டுச்சு, ஆனா விடல, ஏன்னா குடல் சுத்தமா இல்லன்னா எந்தக் கருவி மாட்டினாலும் ஒண்ணும் தெரியாது.

டாக்டர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கோப் நுனியில ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் மாட்டினாரு, சுத்தி குட்டிக் குட்டி விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். எண்டோகஃப் விஷனாம். உள்ள போறப்ப அந்த விரல் எல்லாம் படுத்துக்குமாம், வெளிய இழுக்கறப்ப விரிஞ்சு குடல் மடிப்பை நீவி விடுமாம். புடவைக் கொசுவத்தை நீவினா உள்ள இருக்குற கறை தெரியும்ல, அப்படித்தான். இங்கயே 7 ஆஸ்பத்திரியில 1772 பேரை வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, பாலிப்னா குடல் உள்சுவர்ல வளர்ற சின்ன முளை, அதுல பின்னாடி கேன்சரா மாறக்கூடியது அடினோமா; அதைக் கண்டுபிடிச்சது கஃப் இல்லாம 36.2 சதவீதம் பேருக்குன்னா, கஃப் போட்டப்ப 40.9 சதவீதம் பேருக்குன்னு 2019ல வெளியாச்சு. என்னை மாதிரி மல டெஸ்ட்ல ரத்தம்னு வந்தவங்களுக்குத்தான் வித்தியாசம் ரொம்ப அதிகம்.

உள்ள போறப்பதான் வலி, வளைவுல வயிறு உப்பி இழுத்துப் பிடிச்சுது, வலி குறையக் குடுத்த கேஸை மூச்சுல இழுத்துச் சமாளிச்சேன். நர்ஸம்மா கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க, அதை மறக்க மாட்டேன். திரும்பி வர்றப்ப டாக்டர் அவசரமே படல, ஸ்க்ரீன்ல நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மடிப்பு அப்படியே படிஞ்சுது, அதுக்குப் பின்னாடி வெளிர் ரோஸ் கலர்ல உளுந்து அளவுக்கு ஒண்ணு. போறப்ப அதே இடத்தைத் தாண்டித்தான் போனோம், கண்ணுல படவே இல்ல! கம்பிக் கண்ணியைப் போட்டு இறுக்கி வெட்டி எடுத்தாரு, வலியே தெரியல. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு, அதையும் எடுத்தாச்சு.

உங்களுக்கும் தேதி குடுத்திருந்தா இந்த கஃப் போடுவீங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. குடல்ல சுருக்கம், பெருங்குடல் சுவர்ல சின்னச் சின்னப் பை உண்டாகி வீங்குற வியாதி இருக்குறவங்களுக்குப் போட மாட்டாங்க, அதையும் முன்னாடியே சொல்லிடுங்க.

பயாப்ஸி ரிசல்ட் வந்துச்சு. ரெண்டுமே அடினோமா, கேன்சர் இல்ல, ரெண்டும் சின்னதுங்கறதால பழையபடி ஃபிட் டெஸ்ட் பண்ணிக்கிட்டே வந்தா போதும்னாங்க. வீட்டுக்காரம்மா லெட்டரை ரெண்டு தடவை படிச்சுட்டு சாமி படத்துக்குக் கீழ வச்சுட்டாங்க.