ஓட ஓட ஏறும் பெட்ரோல்: ஹெரால்டு மீட்டரைச் சரிசெய்த கதை

என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் ஓர் அதிசயம் இருந்தது. ஓட்ட ஓட்டப் பெட்ரோல் கூடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்தால் பெட்ரோல் மீட்டரின் முள் முக்கால் டேங்கைத் தாண்டி நிற்கும். பேசின் பிரிட்ஜ் சிக்னலில் நின்றால் மெல்ல அரைக்கு இறங்கும். கிளம்பினால் திரும்பவும் ஏறும். அதை நம்பிப் போய் மணலியில் டேங்க் காய்ந்து நின்றேன். சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற இடம். வரிசையாக டேங்கர் லாரிகள் போகின்றன. நான் மட்டும் கையில் காலி கேனோடு நிற்கிறேன்.

பழைய வண்டி என்றால் மீட்டர் அப்படித்தான் காட்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வண்டலூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இதே மீட்டர் ஒழுங்காகத்தானே காட்டியிருக்கும்?

மீட்டரை மாற்றிவிடலாமா என்று ராயபுரத்தில் எங்கள் தெரு முனையில் ஒயரிங் வேலை பார்க்கும் பாயிடம் கேட்டேன். "மீட்டர் மேல கைய வைக்காத தம்பி. சிக்னல்ல ஏன் இறங்குதுன்னு முதல்ல பாரு" என்றார். துப்பு அதில்தான் இருந்தது. இந்த வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது டைனமோ. ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் மெல்ல ஓடும்போது, அது சார்ஜ் பண்ணாது. பேட்டரியின் 12 வோல்ட்தான் மிச்சம். வேகம் எடுத்தால் 14 பக்கம் போகும். ஆக, முள் பெட்ரோலை மட்டும் அளக்கவில்லை, வோல்டேஜையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தது.

மீட்டருக்குள் இருப்பது ஒரு பைமெட்டல் தகடு (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது), அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பி. கரண்ட் போனால் கம்பி சூடாகும், தகடு வளையும், முள் நகரும். பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் முள் துள்ளாமல் சோம்பேறித்தனமாக நகர்வது இதனால்தான். வோல்டேஜ் ஏறினால் சூடும் ஏறும். அது நடக்கக் கூடாது என்றுதான் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார்கள்: வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே இன்னொரு பைமெட்டல். சூடானால் கான்டாக்ட் விடும், ஆறினால் சேரும். விட்டு விட்டு வரும் அந்தக் கரண்டின் சராசரி 10 வோல்ட்.

இதைச் சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் சரிவராது. எண்கள் தாறுமாறாக ஓடும். பழைய முள் வைத்த மல்டிமீட்டர் நல்லது. ஸ்டெபிலைசர் வேலை செய்தால் அதன் முள் விட்டு விட்டு ஆடும். என்னுடையதில் அசையவே இல்லை. என்ஜின் ஓடும்போது நேராக 13.8. கான்டாக்ட் விடவே இல்லை என்று அர்த்தம்.

டப்பாவின் கூடுதான் அதற்கு எர்த்து, அதாவது வண்டியின் உடம்பு வழியாகக் கரண்ட் திரும்பும் வழி. எர்த்து கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பிக்குக் கரண்ட் போகாது, சூடாகாது, விடாது. ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. காசிமேட்டுக் காற்றில் வருஷக்கணக்காக நின்ற வண்டி, வேறென்ன இருக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். மல்டிமீட்டர் ஆடத் தொடங்கியது. ஆனால் கான்டாக்ட் அரித்துப்போயிருந்ததால் நடுநடுவே ஒட்டிக்கொண்டது.

சரி என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் வோல்டேஜை நிலையாக வைக்கும் 7810 ஐசி வாங்கிவந்தேன். மூன்று கால், 10 வோல்ட். டீ, வடைச் செலவுதான். பழைய டப்பாவின் மடிப்பை நெம்பித் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு இதை வைத்தேன். ஐசியின் முதுகுத் தகடே எர்த்து என்பதால் கூட்டோடு போல்ட் போட்டாலே போதும். ஒன்று கவனிக்க வேண்டும். என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் நெகட்டிவ் எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டி உடம்போடு சேரும்படி, மாற்றியிருந்தார். பாசிட்டிவ் எர்த்து வண்டியாக இருந்தால் 7810 உதவாது, 79 வரிசையில் தேட வேண்டும். பழைய பைமெட்டலுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. எந்தப் பக்கம் எர்த்தானாலும் அது வேலை செய்யும்.

முள் இப்போது ஆடாமல் நின்றது. ஆனால் ஃபுல் டேங்குக்கு முக்கால்தான் காட்டியது! வோல்டேஜ் கூடுதலாக வந்ததால் இத்தனை நாள் இன்னொரு கோளாறு மறைந்திருந்திருக்கிறது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் வைத்து, டேங்கிலிருந்து ஃப்ளோட்டை எடுத்தேன். பெட்ரோலோடு ஏறி இறங்கும் மிதவை, அதைத் தாங்கும் கை, கை நகர நகர மீட்டருக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கம்பிச் சுருள், எல்லாம் சேர்ந்தது அது. ஓம் மீட்டரில் பார்த்தால், கை மேலே போனால் 20 ஓம் பக்கம், கீழே வந்தால் 240 ஓம் பக்கம். நடுவில் எங்கும் அறுபடவில்லை, எனவே சுருள் நல்லது. பித்தளை மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டினேன். களக் களக்கென்றது. உள்ளே பெட்ரோல். மிதக்க வேண்டியது பாதி முழுகிக்கொண்டிருந்தது.

கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, வாசலுக்குக் கொண்டுவந்த தண்ணீரில் அமுக்கினால், தையலோரம் ஒரு புள்ளியிலிருந்து குமிழி வரிசையாகக் கிளம்பியது. ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கிப் பெட்ரோலை வடித்து, மொட்டைமாடி வெயிலில் போட்டு, வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் ஈயம் வைத்தேன். இதில் யாரும் அவசரப்பட வேண்டாம். உள்ளே ஆவி இருந்தால் சால்டரிங் இரும்பு பட்டதும் வெடிக்கும். கடைசி ஓட்டையை மூடுவது தனி வித்தை. சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, வைத்த ஈயத்தை ஊதித் தள்ளிவிடும். மிதவையை நன்றாக ஆறவிட்டு, ஒரு துளியை மின்னலாக வைத்து எடுத்துவிட வேண்டும்.

மீட்டரின் முதுகில் இரண்டு சின்ன ஓட்டைகள் உண்டு. அதன் வழியே பல் தகட்டைத் திருகி அளவு வைக்கலாம். நான் தொடவில்லை. டேங்கைக் காலி செய்து, சமதளத்தில் நிறுத்தி, ஐந்து லிட்டர் ஊற்றினேன். அந்த ஐந்து லிட்டருக்கு முள் காலிக் கோட்டில் நிற்கும்படி ஃப்ளோட் கம்பியைக் கொஞ்சம் வளைத்தேன். இதனால் ஃபுல் டேங்க் இப்போது ஃபுல்லுக்கு ஒரு முள் அகலம் கீழே காட்டுகிறது. காட்டட்டும். நிரப்பிக்கொண்டு வரும்போது யார் மீட்டரைப் பார்க்கிறார்கள்? கீழ்க் கால் பங்கு சரியாக இருந்தால் எனக்குப் போதும்.

ஃப்ளோட்டுக்கு அடியில் இருந்த தக்கை கேஸ்கெட் பொடிந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் ஷீட்டில் ஒன்று வெட்டிப் போட்டிருக்கிறேன். டேங்கை நிரப்பி வெயிலில் நிறுத்திப் பார்த்தாயிற்று, இதுவரை கசிவு இல்லை. அடுத்து டைனமோ. ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்குகிறது என்று சொன்னால், டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்டவுட்டையும் கழற்றிக்கொண்டு வரச் சொல்கிறார் பாய்.